அம்பாசடர் மார்க் 4: முன் சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகுகிறது. கிட் போதுமா, சிலிண்டரையே மாற்ற வேண்டுமா?

உசிலை அம்பி · ஞாயிறு இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த 1984 மாடல் மார்க் 4, பெட்ரோல் வண்டி. இரண்டு வருஷமாக வீட்டு வேப்பமரத்தடியில் சும்மாவே நின்றது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதால் போன மாதம் பேட்டரி மாற்றி, டேங்க் கழுவி, மெதுவாக ஓட்ட ஆரம்பித்தேன்.

இன்று தேனியில் ஒரு வளைகாப்பு. திரும்பி வரும்போது ஆண்டிபட்டி கணவாய் இறக்கத்தில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. இரண்டாவது மிதிக்குத்தான் பிடித்தது, பிடித்தபோதும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. முன்னால் ஒரு வைக்கோல் லாரி. அம்மா பின்சீட்டில் தூக்கம், அதனால் தப்பித்தேன். விழித்திருந்தால் வண்டியை அன்றே விற்கச் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆயில் டப்பாவில் ஒரு விரற்கடை குறைவு. இடது முன் டயரின் உட்பக்கச் சுவரில் ஈரக்கோடு இறங்கியிருக்கிறது. உள்ளூர் மெக்கானிக், "கிட் மாத்தினா போதும் தம்பி, அரை நாள் வேலை" என்கிறார். கிட் என்றால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் செட். சித்தப்பா, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டரையே புதுசாகப் போடு என்கிறார். இன்னும் டிரம்மைக் கழற்றவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

பசுமலை பத்மினி · ஞாயிறு இரவு 9.48

கிட்தான். என் பிரீமியர் பத்மினி காரில் பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன். சிலிண்டரைப் பிரி, எமரி பேப்பர் நைஸாக ஒரு ஓட்டு ஓட்டு, ரப்பர் கப் மாற்று, ஏர் எடு (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்று), முடிந்தது. பழைய வார்ப்பு இப்போது வருகிற வார்ப்பைவிட எவ்வளவோ மேல். அதைத் தூக்கி எறிய மனசு வராது எனக்கு.

கொடைரோடு அண்ணாச்சி · ஞாயிறு இரவு 10.05

கிட்டா சிலிண்டரா என்பது அப்புறம். தம்பி, முதலில் சாவியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் ஒற்றை லைன் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற சிலிண்டர்) என்றால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில், ஒரே வழி. ஒரு கப் முழுசாகக் கிழிந்தால் மிதிக்கிற ஆயிலெல்லாம் அந்த ஓட்டை வழியாகவே போகும். மற்ற மூன்று சக்கரமும் நன்றாக இருந்தும் பயனில்லை. கையில் மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். நான் இருபது வருஷம் கொடைக்கானல் மலைப்பாதையில் டாக்சி ஓட்டியவன். வத்தலக்குண்டுக்கு மேலே ஒரு வளைவில் இது எனக்கு நடந்திருக்கிறது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசியில் மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். பள்ளத்தாக்குப் பக்கம் சாக்கடை கிடையாது.

ஆயில் ஊற்றி ஊற்றி "பார்த்துக்கலாம்" என்று ஓட்ட வேண்டாம்.

லேத்து மாமா · திங்கள் காலை 6.30

பிரிக்காமலே கிட் போதும் என்று சொல்கிற மெக்கானிக்கையும் நம்பாதே, பிரிக்காமலே புதுசு போடு என்கிற சித்தப்பாவையும் நம்பாதே. சிலிண்டரின் துளை சொல்லட்டும்.

அம்பாசடர் முன் சக்கரத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஷூவை, அதாவது டிரம்மை உள்ளிருந்து பிடிக்கிற வளைந்த தகட்டைத் தள்ளும். பேக் பிளேட்டின் பின்புறம் இரண்டையும் ஒரு சின்னக் குழாய் இணைக்கும். டிரம்மைக் கழற்றி, தூசு மூடியை விரலால் மெல்ல விலக்கிப் பார். உள்ளே லேசாக நனைந்திருந்தால் பரவாயில்லை. ஆயில் வழிந்தால் அதுதான் ஒழுகுகிற சிலிண்டர்.

அப்புறம் பிரித்து, பிஸ்டன், ஸ்பிரிங், கப் எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கழுவி, டார்ச் அடித்து உள்ளே பார். பழுப்புக் கறை மட்டும் இருந்தால் நைஸ் எமரிக்குப் போய்விடும். கப் உட்கார்ந்து ஓடுகிற இடத்தில் சொட்டை (அரிப்புக் குழி) விழுந்திருந்தால், ஒரு குச்சியின் முனையையோ நகத்தையோ இழுத்துப் பார். சிக்கினால் கிட் போடாதே. எமரியால் அந்தச் சொட்டை போகிறவரை தேய்த்தால் துளை பெரிசாகிவிடும், கப் தளரும். இரண்டு மூன்று தவுசண்டுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவுசண்டு) மேல் தேய்க்கக் கூடாது.

இன்னொன்று. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதே, காம்ப்ரசர் காற்றும் அடிக்காதே. ஷூவின் மேல் இருக்கும் பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடு. என் பட்டறையில் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்கிறவர் பாதிப் பேர்.

பசுமலை பத்மினி · திங்கள் காலை 8.15

மாமா சொல்வது சரி, ஆனால் சொட்டை விழுந்த சிலிண்டரிலும் கிட் போட்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

லேத்து மாமா · திங்கள் காலை 8.22

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஏன் பிரித்தீர்கள்?

பசுமலை பத்மினி · திங்கள் காலை 8.40

ஒழுகியது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

திருநகர் டீச்சர் · திங்கள் மாலை 5.50

என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வைத்திருக்கிறார். பிரேக் வேலை அவருடையது, வேதியியல் என்னுடையது. ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

நாம் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றிலிருந்து ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் திறந்த டப்பாவை அலமாரியில் வைத்து அடுத்த வருஷம் ஊற்றக் கூடாது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்குக் கேட்கும் அளவு 155தான். டாட் 3-க்கு 205, ஈரமானால் 140. இறக்கத்தில் டிரம் சூடேறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். ஒழுக்கு இல்லாமலே இது நடக்கும்.

வண்டி நின்றுகொண்டே இருந்தால் இன்னொரு கேடு. ஈரம் ஏறிய ஆயில் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வார்ப்பிரும்பு அங்கேதான் அரிக்கும். நீங்கள் பிரித்தால் சொட்டை பெரும்பாலும் கீழ்ப்பக்கம் இருக்கும், பாருங்கள். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் சிலிண்டர் சீக்கிரம் போகிறது.

கப்பை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது. அந்த ரப்பர் கிளைக்காலோடு ஒத்துப்போகும், பெட்ரோலியத்தோடு ஒத்துப்போகாது, ஊறி உப்பிவிடும். அந்தக் காலத்தில் விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த ஆயில்கூட இருந்தது. அதைக் கேள்விப்பட்டு யாராவது சமையலறையிலிருந்து எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

உசிலை அம்பி · செவ்வாய் இரவு 8.10

டீச்சர், ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கும் ஞாபகம் இல்லை. டப்பாவில் இருந்தது காபி டிகாஷன் நிறம்.

இன்று மெக்கானிக்கை வைத்துக்கொண்டே பிரித்தேன். இடது முன் மேல் சிலிண்டர்: கறை மட்டும், நகம் வழுக்குகிறது. கீழ்ச் சிலிண்டர்: துளையின் அடிப்பக்கம், டீச்சர் சொன்ன அதே இடத்தில், அம்மைத்தழும்பு மாதிரி ஐந்தாறு சொட்டை. நகம் நன்றாகவே சிக்குகிறது. கப்பின் உதடு ஒரு பக்கம் தேய்ந்து கூராகிவிட்டது. அந்த ஷூவின் லைனிங் முழுக்க ஆயில் குடித்திருக்கிறது.

வலது முன் இரண்டும் சுமார். ஆனால் பின் வலது சக்கரத்திலும் ஈரம் தெரிகிறது! மெக்கானிக், "அதுவும் சிலிண்டர்தான், நாலுக்கும் ஆர்டர் போட்டுடலாம்" என்கிறார்.

லைனிங்கை பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் ஆயில் போய்விடும் என்றும் சொன்னார். செய்யலாமா?

கொடைரோடு அண்ணாச்சி · செவ்வாய் இரவு 8.31

கொளுத்த வேண்டாம். நாங்களும் அந்தக் காலத்தில் கொளுத்தியிருக்கிறோம், பொய் சொல்ல மாட்டேன். மேலே காய்ந்த மாதிரி இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓடி டிரம் சூடானதும் உள்ளே குடித்தது மறுபடி மேலே வரும். பிசினும் கருகி லைனிங் பொடியாக உதிரும். புது லைனிங் அடித்துவிடுங்கள், இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து, ஒரே கம்பெனி சரக்கு.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுக்கும். அம்பாசடர் முன் பிரேக்கில் இரண்டு ஷூவுமே டிரம் சுற்றுகிற போக்கிலேயே உள்ளே இழுத்துக்கொண்டு பிடிக்கிற வகை. அதனால்தான் அந்தக் கனத்த வண்டி டிரம்மிலேயே நிற்கிறது. அதே காரணத்தால் லைனிங்கின் பிடிப்பில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் ஸ்டியரிங்கில் பெரிதாகத் தெரியும். ரிவர்ஸில் இதே பிரேக் மந்தமாகிவிடும். ஏற்றத்தில் பின்னால் உருண்டால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும், கவனித்திருப்பீர்கள்.

திருநகர் டீச்சர் · செவ்வாய் இரவு 9.02

பின் சக்கர ஈரத்துக்கு ஆர்டர் போடும் முன் ஒரு சோதனை. அந்த ஈரத்தில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கரைந்து காணாமல் போனால் பிரேக் ஆயில். மேலே படலமாக மிதந்தால் ஆக்ஸில் எண்ணெய். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடையும் இருக்கும். அந்த டம்ளரை மறுபடி அடுக்களைக்கு அனுப்பாதீர்கள்.

உசிலை அம்பி · செவ்வாய் இரவு 9.40

மிதக்கிறது!! வாடையும் அதேதான். ஆக, பின்னால் போனது ஆக்ஸில் ஆயில் சீல், சிலிண்டர் இல்லை. நாலு சக்கரத்துக்கும் ஆர்டர் என்பது இப்போது ஒரே சிலிண்டர் ஆகிவிட்டது. டீச்சருக்கு ஒரு கும்பிடு.

ஸ்பேர்கடை பையன் · புதன் காலை 11.15

மதுரை வெளி வீதிப் பக்கம் ஒரு ஸ்பேர் கடையில் கவுண்டரில் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. சாமான் இன்னும் வருகிறது, ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. வாங்க வரும்போது பழைய சிலிண்டரைக் கையில் கொண்டு வாருங்கள். மார்க் 4 என்று வாயால் சொன்னால் போதாது, நடுவில் யாராவது வேறு எதையாவது மாட்டியிருப்பார்கள். துளை அளவு, மரை, குழாய் வருகிற பக்கம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். மரை அங்குல மரை. மெட்ரிக் யூனியனை (குழாயைப் பூட்டுகிற நட்டு) இரண்டு சுற்று ஏற்றி "பிடிச்சிடுச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இடமும் வலமும் ஒரே துளை அளவில் இருக்க வேண்டும். ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்றால் தள்ளுகிற விசையே மாறிவிடும்.

கிட் வாங்கினால் கப்பை நகத்தால் மடக்கிப் பாருங்கள். பல வருஷம் அலமாரியில் கிடந்த ரப்பர் மடக்கிய இடத்தில் மயிரிழை வெடிப்பு காட்டும். கடைக்காரர் முறைத்தால் வேறு கடை. (என் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

பிரேக்குக்கு ஊர் விட்டு ஊர் தேட வேண்டாம். டி.வி.எஸ். பிறந்த ஊர் இது. 1911-இல் சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய தொழில்தான். பிரேக்ஸ் இந்தியாவும் அந்தக் குடும்பம்தான், 1962-இல் சென்னை பாடியில் ஆரம்பித்தது.

பசுமலை பத்மினி · புதன் பகல் 1.05

ஆயிலை டாட் 5 ஆக மாற்றிவிட்டால் ஈரமும் இல்லை, துருவும் இல்லை என்கிறார்களே?

திருநகர் டீச்சர் · புதன் மாலை 6.12

டாட் 5 சிலிக்கோன் வகை. ஈரம் இழுக்காது, பெயின்டையும் அரிக்காது, உண்மை. ஆனால் பழைய ஆயிலோடு கலக்காது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் அதுவும் கலக்காமல் போய் ஒரே இடத்தில் தங்கும். காற்றுக் குமிழியும் எளிதில் வெளியேறாது. எல்லா ரப்பரையும் மாற்றி, குழாயெல்லாம் கழுவி, அடியிலிருந்து தொடங்குவதானால் யோசிக்கலாம். டாட் 5.1 என்பது வேறு, அது கிளைக்கால். பெயர் வைத்தவருக்கு என் வகுப்பில் பாதி மார்க்தான். சாதாரண டாட் 4, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், போதும்.

உசிலை அம்பி · வியாழன் இரவு 7.55

இரண்டு கடை ஏறினேன். ஒன்றில் கிடைத்த புது சிலிண்டரில் துளைக்குள்ளேயே வார்ப்புப் பிசிறு இருந்தது. இன்னொன்றில் குழாய் ஏறும் பக்கம் மாறியிருந்தது. மாமா, பழையதற்கே ஸ்லீவ் (துளைக்குள் புது உறை) போட முடியுமா?

லேத்து மாமா · வியாழன் இரவு 9.10

முடியும். நான் சொல்ல நினைத்ததும் அதுதான். ஆனால் செய்கிறவர் பிரேக் சிலிண்டர் செய்து பழகியவராக இருக்க வேண்டும். பம்பு செட்டுக்குப் புஷ் கடைகிறவர் எல்லோரும் இதைச் செய்ய முடியாது.

முதலில் வார்ப்பின் சுவர்க் கனம் பார்ப்போம். போதுமான கனம் இருந்தால் துளையைக் கடைந்து பெரிதாக்கி, பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ்ஸிலோ ஸ்லீவ் கடைந்து இறுக்கமாக இறக்குவோம். அப்புறம் உள்ளே பழைய அளவுக்கே கொண்டுவந்து, ஹோன் (மெருகுக் கல்) போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். கடைசல் கோடு தெரிந்தால் அது அரம் மாதிரி கப்பைத் தின்னும். பித்தளையா ஸ்டெயின்லெஸ்ஸா என்று சண்டை போடுவார்கள். இரண்டும் துருப்பிடிக்காது. எனக்குப் பித்தளை கைக்கு வசப்படும், அதனால் பித்தளை.

நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் ஆயில் வரும் ஓட்டை. ஸ்லீவ் அதை மூடிவிடும். அதற்கு நேராக மறுபடி துளை போட்டு, உட்பக்க விளிம்பின் பிசிறை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று ஆயில் வராது, அல்லது மாட்டும்போதே கப்பின் உதடு கிழியும். ஏர் எடுக்கிற நிப்பிளுக்குப் போகிற ஓட்டைக்கும் இதே கதி.

கீழ்ச் சிலிண்டரை மட்டும் ஸ்லீவ் போடு. மேலதற்குக் கிட் போதும். மாட்டும்போது கப்பின் உதடு ஆயில் இருக்கும் பக்கம், அதாவது உள்ளே பார்க்க வேண்டும். புது பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டு, கிரீஸ் வேண்டாம். ரப்பருக்கென்றே சிவப்பு கிரீஸ் விற்கிறது, அதைத் தூசு மூடிக்குள் லேசாகத் தடவலாம்.

உசிலை அம்பி · அடுத்த செவ்வாய் இரவு 8.45

ஸ்லீவ் முடிந்து சிலிண்டர் வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் என் மூக்கு தெரிகிறது. முன் இரண்டுக்கும் புது லைனிங், டிரம் இரண்டையும் ஒரே அளவுக்கு லேசாகக் கடைந்தாயிற்று, பின் வலது ஆக்ஸில் சீலும் மாற்றியாயிற்று, பின் லைனிங்கும் புதுசு. மொத்தத்தையும் பூட்டி, ஷூவை டிரம்மைத் தொடும் அளவுக்கு அட்ஜஸ்ட் செய்துவிட்டு, ஏர் எடுத்தோம். தூரமான சக்கரம் முதலில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. டியூபின் நுனி பாட்டில் ஆயிலுக்குள் மூழ்கியே இருந்தது. பழைய டிகாஷன் போய் வெல்லப்பாகு நிறம் வரும்வரை விட்டோம்.

பெடல் கல் மாதிரி நிற்கிறது. சந்தோஷம் பத்து நிமிஷம். தெருவை ஒரு சுற்று சுற்றினேன், இடது முன் டிரம் தொட முடியாத சூடு. மிதித்த பிரேக் அந்தச் சக்கரத்தில் மட்டும் விடவே மாட்டேன் என்கிறது. ஸ்லீவில் பிஸ்டன் இறுகிவிட்டதா மாமா?

லேத்து மாமா · அடுத்த செவ்வாய் இரவு 9.05

பிஸ்டனைக் கையால் தள்ளிப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். என்னைத் திட்டுவதற்கு முன் அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுவருகிற ரப்பர் ஹோஸைப் பார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கு, ஸ்டாண்டு வை. பிரேக்கை இரண்டு முறை மிதித்து விடு. சக்கரம் இறுகியிருக்கும்போது நிப்பிளைத் திற. ஆயில் பீச்சி, சக்கரம் விட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். விடவில்லை என்றால் ஷூ அல்லது பிஸ்டன் பக்கம் பார்க்கலாம். நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து இறுக வை. இந்தமுறை ரப்பர் ஹோஸின் மேல்முனையில், இரும்புக் குழாய் சேருகிற யூனியனைத் தளர்த்து. அங்கே சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் ஹோஸ்.

உசிலை அம்பி · அடுத்த செவ்வாய் இரவு 10.20

நிப்பிளில் விட்டது. மேல் யூனியனைத் தளர்த்தியபோது விடவில்லை.

கொடைரோடு அண்ணாச்சி · அடுத்த செவ்வாய் இரவு 10.28

ஹோஸ். நாற்பது வருஷத்து ரப்பர் உள்ளே உப்பி, கதவு மாதிரி வேலை செய்கிறது. மிதிக்கிற அழுத்தத்துக்கு வழி விடும், ஷூ ஸ்பிரிங் திருப்பித் தள்ளுகிற சின்ன அழுத்தத்துக்கு வழி விடாது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். முன் இரண்டும், பின் ஆக்ஸிலுக்குப் போவதும், எல்லா ஹோஸும் மாற்றிவிடுங்கள். மாட்டும்போது முறுக்கு விழாமல் பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி டயரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

பசுமலை பத்மினி · புதன் காலை 7.30

இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே என் பத்மினியின் ஹோஸை மடக்கிப் பார்த்தேன். வெடிப்பு. இந்த இழையால் எனக்குச் செலவுதான்.

உசிலை அம்பி · சனி மாலை 6.40

மூன்று ஹோஸும் மாற்றி, மறுபடி ஏர் எடுத்து, நேற்று திருமங்கலம் வரை போய் வந்தேன். ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் ஸ்டியரிங்கை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நாற்பதில் மிதித்தேன். நேராக நின்றது. நான்கு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன், முன் இரண்டும் ஒரே சூடு. இன்று காலை ஆயில் மட்டத்தில் வைத்த கோடு அப்படியே இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் தினமும் பார்ப்பேன். லைனிங் டிரம்மோடு உட்கார்ந்ததும் ஷூவை ஒருமுறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று மெக்கானிக்கே சொன்னார். கிட் போதும் என்று ஆரம்பித்த அதே மனிதர்தான், இப்போது வருகிற வண்டிக்கெல்லாம் டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு நஷ்டம். ஹோஸ் கழற்றும்போது ஆயில் டப்பா மட்கார்டில் சாய்ந்துவிட்டது. துணியால் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அப்பா அடித்த பால் வெள்ளைப் பெயின்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கம்.

திருநகர் டீச்சர் · சனி மாலை 6.58

தண்ணீரில் கரையும் என்று டம்ளரில் பார்த்தீர்களே தம்பி. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

உசிலை அம்பி · சனி மாலை 7.03

அப்பாவும் இதையேதான் சொன்னார், வேறு வார்த்தைகளில்.